விடியற்காலை நான்கு மணிக்கு எதிராக

சிறு குழந்தை உள்ள பெண் எழுத்தாளர்களிடம் நேர்காணல்களில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: எழுதுவதற்கு உங்களுக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது? பதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன், விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து எழுதுகிறேன் என்பார்கள். அல்லது எல்லோரும் தூங்கிய பிறகு, பதினொரு மணிக்கு மேல் உட்காருகிறேன் என்பார்கள். கேட்டவர் வியப்பார். வாசிப்பவர்களும் "எப்படித்தான் எல்லாவற்றையும் சமாளிக்கிறீர்களோ" என்று கீழே எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பாராட்டை இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பதிவு. அவள் எழுதிய அந்த இரண்டு மணி நேரத்தை வீடும் கொடுக்கவில்லை, அலுவலகமும் கொடுக்கவில்லை, இலக்கிய உலகமும் கொடுக்கவில்லை. அது அவளுடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

மத்திய அரசு 2024ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடங்கள். குழந்தைகள், முதியோர் பராமரிப்பில் ஈடுபடும் பெண்களுக்கு அதில் 137 நிமிடங்கள் போகின்றன, ஆண்களுக்கு 75. இதற்கு முந்தைய 2019 கணக்கெடுப்பில் வீட்டு வேலை நேரம் பெண்களுக்கு 299 நிமிடங்களாகவும் ஆண்களுக்கு 97 நிமிடங்களாகவும் இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது உண்மைதான்; ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொள்ளவில்லை, அவர்களுடைய நேரமும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இந்த நாளில் அலுவலகத்தையும் பேருந்துப் பயணத்தையும் சேர்த்துவிட்டு, ஒரு சிறுகதைக்கான இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இரவின் இரண்டு ஓரங்களைத் தவிர வேறெங்கும் இல்லை.

விடியற்காலை எழுத்துக்குச் சான்றாக எல்லோரும் அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனைக் காட்டுகிறார்கள். மணவிலக்குக்குப் பின் இரண்டு மகன்களைத் தனியே வளர்த்துக்கொண்டு, ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக வேலை செய்துகொண்டு எழுதியவர் அவர். முதல் நாவல் 1970இல் வந்தபோது அவருக்கு 39 வயது. 1993இல் நோபல் பரிசு பெற்றார். பொழுது விடியும் முன் எழுதுவது கட்டாயத்தால் தொடங்கியது என்பதை அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தார்கள், அவர்கள் எழுந்து அம்மா என்று அழைப்பதற்கு முன்னால் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். நம் மேடைகளில் இந்தக் கட்டாயம் காணாமல் போய், ஒழுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. அவரால் முடிந்தது, உங்களால் ஏன் முடியாது என்று கேட்பதற்கு அவர் வாழ்க்கை கருவியாகிவிட்டது. உடன் பகிர்ந்துகொள்ள வேறு பெரியவர் இல்லாத வீட்டில் ஒருவர் செய்ததை, கணவரும் மாமனாரும் கொழுந்தனும் இருக்கிற வீட்டுக்கு ஏன் முன்மாதிரியாக வைக்க வேண்டும்?

நம் மொழியிலேயே கவிஞர் சல்மா இருக்கிறார். துவரங்குறிச்சியில், பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, மணமான பிறகு எழுதவே தடை இருந்த வீட்டில், இரவில் குளியலறைக்குள் மறைந்து கவிதை எழுதியதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் தாள்களை வெளியே சேர்க்க உதவியவர் அவருடைய தாயார். முதல் தொகுப்பு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அதைத் துணிச்சலின் கதையாக நாம் கொண்டாடுகிறோம். அது துணிச்சல்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு தாயின் கவிதைக்கு வீட்டில் இருந்த ஒரே இடம் குளியலறை என்ற செய்தி அந்த வீட்டையும் ஊரையும் பற்றியது. அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் கைதட்டுபவர்களின் வரிசையில் வந்து நின்றுகொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால், வங்காளத்தின் ராஸ்சுந்தரி தேவி. பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். பெண் எழுத்துப் படித்தால் குடி கெடும் என்று நம்பிய காலத்தில், ஒரு பக்தி நூலிலிருந்து கழற்றிய ஏட்டைச் சமையலறையில் ஒளித்துவைத்து, மூத்த மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டுத் தானாகவே படிக்கக் கற்றவர். 1876இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு வங்க மொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படுகிறது. அதில் என்னை உலுக்கிய இடம் அவர் படிக்கக் கற்றுக்கொண்ட பகுதி அன்று. எல்லோருக்கும் பரிமாறி முடித்துத் தாம் உட்காரும் நேரத்தில் விருந்தாளி வருவதும் குழந்தை அழுவதுமாக, தமக்கென்று ஒரு வாய்ச் சோறு உண்ண முடியாமல் போனதை அவர் விவரிக்கும் பகுதி. அதில் அவர் புலம்பவில்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதைப் படிக்கும் எனக்கு அந்தப் பசி அந்நியமாகத் தோன்றவில்லை.

மாறாக, நான் முன்மாதிரியாகச் சொல்ல விரும்புவது வை.மு. கோதைநாயகியின் தொடக்கத்தை. ஐந்து வயதைக் கடந்த உடனே மணம் முடிக்கப்பட்ட அவருக்கு, முதல் படைப்பை உருவாக்கிய காலத்தில் தமிழில் சரளமாக எழுத வராது. மனத்தில் உருவான நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். கணவர் பார்த்தசாரதி அந்த முயற்சிக்குத் துணை நின்றார். பிறகு ஒரு மகனுக்குத் தாயாக இருந்துகொண்டே 115 நாவல்களை எழுதினார். 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தினார். மேடையில் பேசினார், பாடினார், விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவருடைய உழைப்பின் அளவைச் சொல்லி மலைக்கும் நாம், அந்தத் தொடக்கத்தில் வேறொருவருடைய கை எழுதியது என்பதைக் கடந்துபோகிறோம். ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதினார், வீட்டில் ஒருவர் ஆதரித்தார் என்பதில் எழுத்தாளரின் பெருமை எள்ளளவும் குறையவில்லை.

ஓய்வை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அது எழுத்தின் ஒரு பகுதி என்பதை என் உடம்பிலேயே கண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் 1926இல் படைப்புச் செயலை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். ஆயத்தத்திற்கும் திடீர் ஒளிக்கும் நடுவில் அவர் வைத்தது, மனம் அந்தப் பொருளை விட்டு விலகி இருக்கும் ஒரு காலத்தை. அடைகாக்கும் காலம் என்று அதைச் சொல்லலாம். மாவு புளிக்க ஓர் இரவு வேண்டும் என்பதை எந்த வீடும் மறுப்பதில்லை. கதைக்கும் அப்படி ஓர் இரவு வேண்டும் என்றால் மட்டும் சோம்பல் என்கிறார்கள். தூக்கம் கெட்ட வாரங்களில் நான் எழுதியவற்றை எடுத்துப் பார்த்தால், வாக்கியங்கள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றில் எதிர்பாராத ஒன்றும் நிகழவில்லை. பழகிய உவமை, பழகிய முடிவு, பழகிய மாமியார் மருமகள். களைத்த மனம் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் எழுதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு, அல்லது அப்போது எழுது என்று சொல்கிறவர்கள், அந்த நேரம் முழுமையாகத் தாயின் கையில் இருப்பதாக எண்ணுகிறார்கள். உடம்பு படுத்திருக்கும், காது தொட்டிலின் பக்கம் விழித்திருக்கும். மனத்திலோ 6ஆவது, 10ஆவது, 14ஆவது வாரத் தடுப்பூசிகளின் தேதிகள், மூத்தவளின் பள்ளி நாட்குறிப்பில் கையெழுத்து, தீரப்போகும் சிலிண்டர், ஊரிலிருந்து வரும் நாத்தனாருக்கு என்ன செய்து போடுவது என்ற யோசனை எல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு நாவலின் பாத்திரங்களை நினைவில் வைத்திருக்கிற அதே இடத்தில்தான் இவையும் இருக்கின்றன. ஆகவே ஒரு தாய்க்கு ஓய்வு என்றால் கைவேலையிலிருந்து விடுபடுவது மட்டும் போதாது. இன்னொருவர் பொறுப்பேற்றுக்கொண்டார், இனி நான் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்ற உறுதி அவளுக்கு வேண்டும். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்று கேட்கும் கணவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் நினைவில் வைத்திருக்கும் வேலையை அவர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஓய்வின் அருமை தெரியாத சமூகம் என்று நம்மைச் சொல்லிவிடவும் முடியாது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையலும் பூண்டும் பிரசவ லேகியமும் கொடுப்பதும், காதில் பஞ்சு வைத்துப் பனிக்காற்றுப் படாமல் காப்பதும், நாற்பது நாள் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தவையே. அந்தக் கவனிப்பை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆயினும் அந்த ஓய்வு உடம்புக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பச்சை உடம்புக்காரி படித்தால் கண் கெட்டுவிடும் என்று புத்தகத்தை வாங்கி வைத்துவிடுவார்கள். நாற்பது நாளுக்குப் பிறகு அந்த உடம்பு ஓய்வு கேட்டாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு அந்த நாற்பது நாளும் சுருங்கிவிடுகிறது.

சட்டம் வேலைக்குப் போகும் தாய்மாரை ஓரளவு நினைத்துப் பார்த்திருக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரங்கள் ஆனது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதங்கள். ஆராய்ச்சி மாணவியருக்குக்கூடப் பல்கலைக்கழக மானியக் குழு தன் 2016 விதிகளில் 240 நாள் வரை விடுப்பும், ஆய்வேட்டை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும் வழங்கியது. இலக்கியத்தில் அப்படி ஒரு சிந்தனையே எழவில்லை. சாகித்திய அகாதெமி 2011 முதல் இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதுக்கு வயது வரம்பு 35. நம் பெண்களில் பலர் கருவுற்று, பெற்று, பாலூட்டி, பள்ளியில் சேர்க்கும் ஆண்டுகள் அந்த வரம்புக்குள்ளேயே வருகின்றன. டோனி மாரிசனின் 39 வயதை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். குழந்தை பெற்ற எழுத்தாளருக்கு அந்த வரம்பில் சில ஆண்டுத் தளர்வு தருவது பெரிய காரியம் அன்று. ஒரு விதியில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். இலக்கியக் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குத் தொடங்குவதும் அப்படியே: வீட்டுப்பாடமும் இரவுச் சமையலும் தொடங்கும் அதே நேரத்தில் நூல் வெளியீட்டை வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று மேடையில் வருந்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வையுங்கள். பின்வரிசையில் குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்காதீர்கள்.

என் வீட்டில் நாங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். சனிக்கிழமை மதியம் கணவர் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தம் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். இரவு சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு வருவார். அந்த மதியங்களில் தொடக்கத்தில் பல வாரங்கள் நான் தூங்கினேன், ஒரு வரிகூட எழுதவில்லை. "எழுதணும்னுதானேம்மா பிள்ளைங்கள விட்டே, தூங்கிட்டியா?" என்று அத்தை ஒருநாள் அன்போடுதான் கேட்டார். தூங்கியதும் எழுத்துக்காகத்தான் அத்தை என்று நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை. தாமும் ஐந்து பிள்ளைகளை வளர்த்த காலத்தில் மதியம் கண்ணை மூடியதாகத் தமக்கு நினைவே இல்லை என்றார். பிறகு ஒரு சனிக்கிழமை, விழித்ததும் ஒரு பெண் பாத்திரத்தின் குரல் தெளிவாகக் கேட்டது. மாதக்கணக்கில் நகராமல் கிடந்த கதை அது.

எல்லா வீட்டிலும் இது நடக்காது என்பது எனக்குத் தெரியும். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அந்த ஆளும் ஒரு தாய், என் வீட்டை முடித்துவிட்டுத் தன் வீட்டில் மீண்டும் அடுப்பு மூட்டப் போகிறவர். குறைந்த கூலிக்கு இன்னொரு பெண்ணின் ஓய்வை வாங்கி என் கதையை எழுதுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. வேலையை வீட்டின் ஆண்களோடு பங்கிட வேண்டும் என்பதே என் வாதம். குழந்தைகளும் என் எழுத்துக்கு எதிரிகள் அல்லர். முடிவே இல்லாமல் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போக என் மூத்த மகளுக்கு இருக்கும் தைரியத்தை நான் தினமும் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

ஓர் இதழின் பொங்கல் மலருக்குச் சிறுகதை கேட்டிருந்தார்கள். கைக்குழந்தை இரவில் தூங்குவதில்லை, இப்போது எழுதினால் தூக்கத்தைக் கொடுத்துத்தான் எழுத வேண்டியிருக்கும், ஆகவே சித்திரை இதழுக்குத் தருகிறேன் என்று ஆசிரியருக்கு எழுதினேன். உடல்நலக் குறைவு, ஊர்ப்பயணம் என்று வேறு காரணம் எதையும் சொல்லவில்லை. எனக்கு ஓய்வு வேண்டும் என்றே எழுதினேன். சித்திரைக்கே அனுப்புங்கள், இடம் வைத்திருக்கிறோம் என்று மறுநாள் பதில் வந்தது.