கூட்ஸ் வண்டியைத் திட்டுகிறவர்களுக்கு

நண்பர் ஒருவரின் பதிவு இரண்டு நாளாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஊருக்கு வரும் வழியில், கூட்ஸ் வண்டிக்கு வழிவிடுவதற்காக அவருடைய ரயிலை இருபது நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். "நிலக்கரிக்கு இருக்கும் மரியாதை மனிதனுக்கு இல்லை" என்று பொரிந்து தள்ளியிருந்தார். கீழே ஒரே கைதட்டல். நானும் வெகுகாலம் இதே கட்சிதான். ஒரு மார்கழி விடியற்காலையில்தான் கட்சி மாறினேன்.

எந்த வண்டி, எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். நெல்லைக்கு ஒற்றைத் தடம் இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடம்பூரில் எதிரே ஒரு கூட்ஸ் வருவதற்காக எங்களை நிறுத்தினார்கள். போளியாவது கிடைக்குமா என்று எட்டிப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு நடைமேடையில் நாய்தான் படுத்திருந்தது. பெட்டி முழுக்கக் கூட்ஸ் வண்டிக்கு அர்ச்சனை. நானும் என் பங்குக்கு இரண்டு பூவைப் போட்டேன். மணியாச்சியில் இன்னொரு கூட்ஸ் ஓரமாக நின்றது. இந்தத் தடவை அதை நிறுத்திவிட்டு எங்களை முன்னால் விட்டார்கள். எல்லோருக்கும் திருப்தி. நாரைக்கிணறு வருவதற்குள் எங்கள் எஞ்சின் படுத்துவிட்டது.

இருபுறமும் வெறும் காடு. வாடைக்காற்று ஷட்டர் இடுக்கில் விசில் அடித்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் சக்கரம் சுற்றினால்தான் பேட்டரிக்கு மின்சாரம் ஏறும். நின்றுவிட்டால் இருப்பைக் கொண்டு ஓட்ட வேண்டும். விளக்குகள் முதலில் மஞ்சளாயின, பிறகு மின்மினி ஆயின, பிறகு அதுவும் இல்லை. எதிர் இருக்கை ஆச்சி பையில் இருந்த நாலு சேலைகளையும் எடுத்து, அறிமுகமே இல்லாத பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டார்.

எங்கள் அதிர்ஷ்டம், ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் கூட இருந்தார். "அண்ணாச்சி, எஞ்சினைத் தட்டிக்கொட்டிக் கிளப்பிவிட மாட்டார்களா?" என்று கேட்டேன். "கிளம்பினாலும் இனி நகரக் கூடாது, தம்பி" என்றார். உதவி கேட்டுத் தகவல் கொடுத்தாயிற்று என்றால், அந்த எஞ்சின் வந்து சேரும்வரை வண்டி ஓர் அங்குலம் அசையக் கூடாது. ஏனென்றால் நாம் நிற்கும் அதே தண்டவாளத்தில்தான் அது வரப்போகிறது. அதற்குள் எங்கள் வண்டியின் கார்டு இருட்டில் பின்னோக்கி நடந்து, 600 மீட்டரில் ஒரு வெடியும், 1200 மீட்டரில் பத்து பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். வருகிற எஞ்சினின் சக்கரம் ஏறினால் அவை வெடிக்கும், ஓட்டுநர் உஷாராவார். நாங்கள் உள்ளே நடுங்கிக்கொண்டு யாரையோ வைதுகொண்டிருந்தபோது, ஒரு மனிதர் கைவிளக்கோடு சரளைக் கல்லில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்துகொண்டிருந்தார்.

வந்தது மணியாச்சியில் நின்ற அந்தக் கூட்ஸின் டீசல் எஞ்சின். பின்னால் வந்து சேர்ந்து, எங்களைப் பின்னோக்கி இழுக்க ஆரம்பித்தது. "ஐயோ, மெட்ராஸுக்கே திரும்பப் போகிறான்" என்று ஒருவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. மணியாச்சியில் எஞ்சினை முன்பக்கம் மாற்றி, நெல்லையில் கொண்டுபோய் விட்டார்கள்.

இது நம் ஊர்க் கூத்து மட்டுமல்ல. 2019 பிப்ரவரி 24 அன்று, அமெரிக்காவில் சியாட்டிலில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன ஆம்ட்ராக் ரயில், ஓரிகன் மாநிலத்தில் ஓக்ரிட்ஜ் என்ற சிற்றூர் அருகே பனியில் விழுந்து கிடந்த மரத்தில் மோதி நின்றது. 183 பயணிகள், ஏறத்தாழ 36 மணி நேரம். ஊரிலேயே மின்சாரம் இல்லாததால் பயணிகளை இறக்கிவிடவும் முடியவில்லை; ரயிலுக்குள்ளாவது வெளிச்சமும் சூடும் இருந்தன. அந்தத் தண்டவாளமே யூனியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது. அங்கே பெரும்பாலான தூரத்துக்குப் பயணி ரயில்தான் விருந்தாளி. கடைசியில் அவர்களும் பின்னோக்கித்தான் போனார்கள், வழியில் கடந்து வந்த யூஜீன் நகரத்துக்கு.

சரக்கு எஞ்சின் என்றால் தாழ்ந்த சாதி போல ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. இன்று நம் விரைவு ரயில்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 எஞ்சின், டபிள்யூஏஜி-9 என்ற சரக்கு எஞ்சினில் இருந்து, பல்சக்கர விகிதத்தை மாற்றி உருவாக்கப்பட்டது. அண்ணன் தம்பி. ஒன்றுக்கு வேகம், மற்றதற்கு இழுவை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். திருச்செந்தூர்த் தடம், தென்காசித் தடம் எல்லாம் மின்மயமாகிவிட்டன. நல்ல விஷயம், புகை இல்லை, செலவு குறைவு. ஆனால் ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை எங்கள் சீமையில் காற்றும் மழையும் எப்படி என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 25,000 வோல்ட் கம்பியில் ஒரு புளியங்கிளை விழுந்தால், அந்தத் துண்டில் நிற்கும் எல்லா மின்சார எஞ்சின்களும் ஒரே நேரத்தில் இரும்புப் பெட்டி. காப்பாற்ற வருகிற எஞ்சினும் அதே கம்பியை நம்பியிருந்தால் என்ன பயன்? ஆகவே மழைக்காலம் முடியும்வரை நெல்லையில் ஒரு டீசல் எஞ்சின், ஓட்டுநரோடு, கூப்பிட்டால் கிளம்பும் நிலையில் இருக்க வேண்டும். டீசலை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சும்மா நிற்கும் எஞ்சின் வீண் செலவு என்பார்கள். பிசானப் பருவத்தில், அதாவது மழைக்கால நெல் சாகுபடியின்போது, குளக்கரையில் மணல் மூட்டை அடுக்கி வைக்கிறோம். கரை உடையாத வருடத்தில் மூட்டை வீண் என்று எந்த விவசாயியாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எஞ்சினாலும் முடியாத நாள் உண்டு, மறுக்கவில்லை. 2023 டிசம்பர் 17 இரவு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையில், திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பேர். அதற்கு அப்பால் சரளை அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அங்கே எந்த எஞ்சினை அனுப்புவது? நிலையத்தில் வண்டியை நிறுத்தி வைத்த முடிவும், பக்கத்து ஊர்க்காரர்கள் பொங்கிப் போட்ட சோறும்தான் அவர்களைக் காத்தன. கால் மணி நேரம் நிறுத்தியதற்கெல்லாம் கொதிக்கும்போது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

மணியாச்சியில் எஞ்சின் மாற்றியபோது பார்த்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்களுக்கு எஞ்சினைக் கொடுத்த அந்தக் கூட்ஸ், பக்கத்துத் தடத்தில் தலையில்லாமல் நீளமாக நின்றது. அதன் கார்டு கடைசிப் பெட்டியில் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வண்டி அவரைத் தாண்டியபோது கையசைக்க வேண்டும் என்று தோன்றியது. ஷட்டரைத் திறந்தால் குளிரும் என்று விட்டுவிட்டேன்.