ஊர்மியா ஏரி வற்றியதற்கு மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஈரானின் வடமேற்கில் இருக்கும் ஊர்மியா என்ற உப்பு ஏரியைப் பற்றிப் பேச்சு வந்தாலே "மழை பொய்த்துவிட்டது, பருவநிலை மாறிவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. மழை குறைந்தது உண்மை, வெயில் கூடியதும் உண்மை. ஆனால் எல்லை தாண்டினால் துருக்கியின் வான் ஏரி, அதுவும் அதே வறட்சியைப் பார்த்த ஏரிதான், இப்படிக் காணாமல் போகவில்லையே. வான் மிக ஆழமான ஏரி, ஊர்மியா ஆழமில்லாதது, ஒப்பிடக் கூடாது என்பீர்கள். சரி, ஆழமில்லாத ஏரி என்று தெரிந்தபிறகு அதன் நீர்வரத்தில் கைவைக்க இன்னும் பயந்திருக்க வேண்டாமா?

1990-களின் நடுவில் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த ஏரி, மத்திய கிழக்கிலேயே பெரியது. இருபதே வருடத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஜரீனே ரூத், சிமினே ரூத் என்று அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆறுகளின் படுகை முழுக்க அணைகள், அப்புறம் அனுமதி பெற்றும் பெறாமலும் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள். தலைமடையில் எடுத்தது போக மிச்சம்தான் ஏரிக்கு. கடைமடை விவசாயியாவது சண்டைக்கு வருவார், ஏரி யாரிடம் போய்க் கேட்கும்?

விவசாயிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 1979 புரட்சிக்குப் பிறகு போர், பொருளாதாரத் தடை என்று வரிசையாக வந்தபோது, உணவுக்கு யாரையும் நம்பியிருக்கக் கூடாது என்று அரசுதான் சாகுபடியைப் பெருக்கச் சொன்னது. குறைந்த தண்ணீரில் வளர்ந்த திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு ஆப்பிள் மரம் வைத்தார்கள், காசு அதில்தான் இருந்தது. தண்ணீரோ ஏறக்குறைய இலவசம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

போனது தண்ணீர் மட்டுமல்ல. அந்த உப்பு நீரில் ஆர்டிமியா என்று விரல் நக அளவே இருக்கும் ஒரு இறால் வகை உண்டு, பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்ததே அதைத் தின்னத்தான். உப்பு லிட்டருக்கு 300 கிராமைத் தாண்டியபோது அந்த இறாலே அரிதாகிவிட்டது, அப்புறம் பறவைக்கு அங்கே என்ன வேலை? ஏரிக்கரையில் இருக்கும் ஷரஃப்கானே படகுத்துறையில் படகுகள் வெள்ளை உப்புப் பாளத்தில் தரைதட்டித் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் மூட்டுவலிக்காரர்கள் கறுப்புச் சேற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்த கரை அது.

2011-இல் பக்கத்து நகரங்களான தப்ரீஸிலும் ஊர்மியாவிலும் மக்கள் தெருவில் இறங்கி ஏரியைக் காப்பாற்றச் சொன்னார்கள். பலரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதன்பிறகுதான் மீட்புக் குழு, நிதி, திட்டம் எல்லாம். 2019-இல் நல்ல மழை பெய்து ஏரி ஓரளவு நிரம்பியதும் காப்பாற்றிவிட்டோம் என்றே பேச ஆரம்பித்தார்கள், தோட்டங்களுக்குப் போகும் தண்ணீர் மட்டும் போதிய அளவுக்குக் குறையவே இல்லை. மலையைக் குடைந்து வேறொரு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்தை 2023-இல் திறந்தார்கள். அதே வருடம் இலையுதிர் காலத்தில் ஏரியின் பெரும்பகுதி வெறும் உப்புத்தரை.

ஏரி உயிரோடிருக்க வருடத்துக்குச் சுமார் 310 கோடி கன மீட்டர் தண்ணீர் வர வேண்டும் என்று 2007-லேயே ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைத்தான் பாசனத்துக்குப் பிரிக்க வேண்டும். ஆப்பிளை விட்டு வெளியே வரும் குடும்பங்களுக்கு அரசு வருமானம் கொடுக்க வேண்டும், சும்மா கிணற்றை மட்டும் மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்? செலவு அதிகம்தான். ஆனால் காய்ந்த தரையிலிருந்து கிளம்பும் உப்புத்தூசி இப்போது அந்த ஆப்பிள் தோட்டங்கள் மேலேயே வந்து விழுகிறது, அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவார்கள்?