சிநேகிதியின் கொப்பி

ஆப்பிளை நாம் எல்லோரும் காம்பிலிருந்து அடிவரை நெடுக்காகத்தான் வெட்டுவோம். ஒரு தடவை குறுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் விதையறைகள் ஐந்தும் சேர்ந்து ஒரு நட்சத்திரமாகத் தெரியும். எனக்கு இது 43 வயதில்தான் தெரிந்தது. பிரிஸ்டலில், என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதியின் குசினியில்.

அன்று அக்டோபர் 31. தெருவில் பிள்ளைகள் பேய் வேடம் போட்டு மிட்டாய் கேட்டுத் திரிந்தார்கள். உள்ளே ஒரு சின்ன மேசையில் அவள் அம்மாவின் படம், அம்மாவுக்குப் பிடித்த மாதிரி பால் கூட்டி ஊற்றிய ஒரு கோப்பை தேநீர், மெழுகுதிரி, கிண்ணத்தில் உப்பு, இன்னொன்றில் தண்ணீர், நட்சத்திரம் தெரியும் பாதி ஆப்பிள். இந்த நாளுக்கு அவள் மதத்தில் வைத்திருக்கும் பெயரை எழுதுவது ஒரு மாதிரி (Samhain), சொல்வது 'சாவின்'. முதலில் கேட்டபோது இவள் எப்போது தமிழ் படித்தாள் என்று முழித்தேன். செத்தவர்களை நினைக்கும் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அவள் விக்கா வழியில் நடப்பவள். இயற்கையையும் ஒரு தேவியையும் கும்பிடும் மதம் அது. "நான் ஒரு விச்" என்று சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னாள். அதைத் தமிழில் சொல்லப் போனால் எனக்கு வாயில் வருவது 'சூனியக்காரி'. அந்தச் சொல் வந்தவுடனே எலுமிச்சம்பழமும் குங்குமமும் யாரோ யாருக்கோ வைத்த செய்வினையும் வந்துவிடுகின்றன. அவள் செய்வதில் அது எதுவும் இல்லை. வேறு சொல் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அதனால் விக்கா என்றும், கிறிஸ்தவத்துக்கு முந்திய தெய்வங்களைக் கும்பிடும் இப்படியானவர்களுக்கான பொதுப் பெயரான பேகன் என்றுமே எழுதுகிறேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வீட்டுக்குள் செய்கிற இந்த மாதிரிக் காரியங்களை வெளியில் சொல்லலாமா கூடாதா என்று எங்கள் இருவருக்கும் ஒரு வருடமாக வாக்குவாதம். அவளுக்குப் பாதி மனது. அவர்கள் வழியில் நான்கு கட்டளை உண்டு: அறி, துணி, உறுதியாக நில், வாயை மூடு. நாலாவதுதான் சிக்கல். பழைய குழுக்களில் சேர்பவர்கள் உள்ளே நடப்பதை வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார்கள். இன்னொரு பக்கம், கைப்பேசியைத் திறந்தால் டிக்டாக்கில் 17 வயதுப் பிள்ளை தன் படுக்கையறை பீடத்தை முழுசாகக் காட்டுகிறது. நான் சொல்வேன், சொல்லலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று.

கொஞ்சம் வரலாறு சொன்னால்தான் என் பக்கம் புரியும்.

இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல்தான் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்டு கார்ட்னர் என்ற மனிதர் தன் சூனிய நூலை வெளியிட்டார். 1939இல் நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஒரு பழைய இரகசியக் குழு தன்னைச் சேர்த்துக்கொண்டது என்பது அவர் சொன்ன கதை. இன்று விக்கா என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அவரிடமிருந்து கிளைத்தது. இந்தக் கார்ட்னர் எங்கே வளர்ந்தார் தெரியுமா? ஆஸ்துமாக்காரப் பையன், சூடான நாடாகப் பார்த்து ஆயாவோடு அனுப்பினார்கள். ஆயா ஒரு தேயிலைத் தோட்டத் துரையைக் கட்டிக்கொண்டு இலங்கைக்குப் போக, 1900ஐ ஒட்டிப் பையனும் கூடவே போனான். மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 'கிரீப்பர்', அதாவது வேலை பழகும் சின்னத்துரைக்கும் சின்னதுரை. அப்புறம் போர்னியோ, மலாயா. 1936இல் சுங்க அதிகாரியாக ஓய்வு பெற்று இங்கிலாந்து வந்தார்.

மஸ்கெலியா என் அம்மாயியின் ஊர். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆட்கள் கொழுந்து கிள்ளிய மலையில் திரிந்த ஒரு பையன் பிற்காலத்தில் ஒரு மதத்தையே உண்டாக்கினான் என்று நாலு பேருக்கு இரவோடு இரவாகச் செய்தி அனுப்பினேன். ஒருத்தி மட்டும் பதில் போட்டாள்: "அப்ப அவருக்கும் அட்டை கடிச்சிருக்கும்."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1953இல் டோரீன் வாலியண்டி என்ற பெண் கார்ட்னர் குழுவில் சேர்ந்தார். பரம்பரை பரம்பரையாக வந்ததென்று கார்ட்னர் காட்டிய சடங்குப் புத்தகத்தில் அலிஸ்டர் குரோலி என்ற அதே நூற்றாண்டு மந்திரவாதி எழுதிய வரிகள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நேரே கேட்டார். உன்னால் முடிந்தால் நன்றாக எழுதேன் என்று கார்ட்னர் விட்டுவிட, வாலியண்டி உட்கார்ந்து பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். இன்று உலகம் முழுக்க விக்காக்காரர்கள் தேவியின் வாக்கு என்று சொல்லும் உரைநடை பெரும்பாலும் அந்த அம்மையார் கைப்பட வந்ததுதான்.

1957இல் பெரிய சண்டை. கார்ட்னருக்குப் பத்திரிகைக்காரர்களைக் கண்டால் வாய் நிற்காது. வாலியண்டியும் சிலரும் விளம்பரத்தைக் குறைக்கச் சொல்லிச் சில விதிகளை எழுதி நீட்டினார்கள். விதியெல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே என்று கார்ட்னர் 'பழங்காலச் சட்டங்கள்' என்று ஒரு காகிதக் கட்டை அனுப்பிவைத்தார். அதுவரை யாரும் பார்த்திராத சட்டங்கள். அதில் ஒன்று, தலைமைப் பூசாரிணி வயது போனால் இளையவளுக்கு இடம் விட்டு மரியாதையாக ஒதுங்க வேண்டும் என்கிறது. வாலியண்டிக்கு அப்போது 35. அவர் குழுவை விட்டே போய்விட்டார். எனக்கு இந்த இடம் எத்தனை தடவை படித்தாலும் சலிப்பதில்லை. கார்ட்னர் வெளியில் பேசியது பெரிய குற்றம் இல்லை. நேற்று எழுதியதை ஆயிரம் வருடத்துக் காகிதம் என்று நீட்டினாரே, அதுதான்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலில், விக்கா 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவானது என்று ஆதாரத்தோடு எழுதிவிட்டார். அவர்கள் வருடம் முழுக்கக் கொண்டாடும் எட்டுப் பண்டிகைகளின் சக்கரமும் அப்படித்தான். தனித்தனியாகப் பழையவை சில உண்டு. எட்டையும் கோர்த்து ஒரு வட்டமாக்கியது கடந்த நூற்றாண்டு. செப்டம்பர் பண்டிகைக்கு மேபன் என்று பெயர் வைத்தது 1970களில் எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர். 1612இல் இங்கிலாந்தின் பெண்டில் சூனிய வழக்கில் தூக்கில் போடப்பட்ட பத்துப் பேரும் இரகசியப் பேகன்கள் என்று இன்னும் சில பேர் எழுதுகிறார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள், பெரும்பாலும் ஏழைகள், அவ்வளவுதான்.

அப்போ எல்லாம் போலி என்றா சொல்கிறேன்? இல்லை. இங்கேதான் எனக்கும் என் தம்பிக்கும் சண்டை. "எழுபது வருஷத்து மதத்துக்கு என்ன மரியாதை" என்றான். நான் கேட்டேன், ரோதை முனிக்கு வயது எத்தனை? தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்கு, அதாவது ரோதைக்கு, ஒரு முனியை வைத்துக் கும்பிட்டவர்கள் எங்கள் ஆட்கள். கவ்வாத்து வெட்டும் காலத்துக்குக் கவ்வாத்துச் சாமி. இந்தச் சாமிகள் எந்தப் புராணத்திலும் இல்லை. தோட்டம் வந்தபின் வந்தவை. இருநூறு வயது கூட ஆகாது. கை அடிபடக் கூடாது, ரோதை நிற்கக் கூடாது என்ற பயத்தில் பிறந்த சாமி. அம்மாயி அதற்கு ஆயிரம் வருடக் கதை எதுவும் கட்டவில்லை. "நம்ம பெரியவங்க வச்ச சாமி" என்பார், அத்தோடு முடிந்தது. கும்பிடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

சிநேகிதியின் கொப்பிக்கு வருகிறேன். அவர்கள் இதை நிழல்களின் புத்தகம் என்கிறார்கள். நான் தோல் அட்டையும் பித்தளைப் பூட்டும் எதிர்பார்த்தேன். கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி, ஓரத்தில் மெழுகு சிந்தியிருக்கிறது. மூன்று நிற மையில் எழுதியிருக்கிறாள். புத்தகத்திலிருந்து எடுத்தது நீலம். பெரும்பாலும் ஸ்காட் கன்னிங்ஹாம் 1988இல் தனியாகச் செய்பவர்களுக்கென்று எழுதிய கையேட்டிலிருந்து. ஆட்களிடம் கேட்டது கறுப்பு. தானே கண்டுபிடித்தது சிவப்பு. உப்பைத் தண்ணீரில் போட்டு வலமாகச் சுற்றி வட்டம் போடுவது, வடக்கே மண், கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர் என்று அழைப்பது எல்லாம் நீலம். அம்மாவுக்குத் தேநீர் வைப்பது சிவப்பு.

எனக்கு மிகவும் பிடித்தவை பலிக்காத பக்கங்கள். ஒரு வேலை நேர்காணலுக்காகப் பச்சை மெழுகுதிரி ஏற்றியதைப் பற்றி இரண்டே வரி: வேலை கிடைக்கவில்லை, பஸ் பிந்திவிட்டது, மெழுகுதிரியைக் குறை சொல்ல முடியாது. சாம்பிராணி கூடிப்போய் நடு இரவில் புகை அலாரம் அடித்து மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்ததும் இருக்கிறது. ஒரு பௌர்ணமிப் பக்கத்தில் "தூங்கிவிட்டேன்" என்று மட்டும்.

இப்படி ஒரு கொப்பியை யாராவது இணையத்தில் போடுகிறார்களா? போடுவது வேறு. நான் ஆர்வக்கோளாறில் 45 பவுண்டு கட்டி ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் பாடத்திலேயே "கெல்டிக் பூசாரிகளின் மூவாயிரம் வருட நிலா நீர்" என்று ஆரம்பித்தார்கள். தண்ணீரில் மலக்கைட் கல்லைப் போட்டு இரவெல்லாம் நிலவில் வைத்துக் காலையில் குடிக்க வேண்டுமாம். மலக்கைட் செம்புக் கல். அது ஊறிய தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. இன்னொரு பாடத்தில் பென்னிராயல் என்ற புதினா வகைச் செடியின் எண்ணெய். அது ஈரலைக் கெடுக்கும், உயிரே போகும். மூன்றாவதில் வெள்ளை சேஜ் கட்டைக் கொளுத்தி வீட்டைச் சுத்தம் செய்வது. அந்தச் செடி தெற்குக் கலிஃபோர்னியாப் பக்கத்து மலைச்சரிவில் வளர்வது, அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. விற்பனைக்காகத் திருட்டுத்தனமாக மூட்டை மூட்டையாகப் பிடுங்குகிறார்கள். பழங்கால ஐரோப்பாவில் இருந்த கெல்டிக் பூசாரிக்கு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டு எழுதினேன். பதிலுக்கு அடுத்த நிலை வகுப்புக்குத் தள்ளுபடி வந்தது.

அந்த வகுப்புக்காரர்களின் கொப்பியில் ஒரே நிற மைதான் இருக்கும்.

சொல்லாமல் இருப்பதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதினார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதுவது வேறு, வேலையிடத்தில் சொல்வது வேறு. என் சிநேகிதி எங்கள் மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவுக்கு அனுமதி கேட்டபோது "என் பெயர் போடாதே, புகை அலாரத்தை வேண்டுமானால் எழுது" என்றாள். குழுவில் சத்தியம் செய்து வாங்கியதை வெளியே விடுவதும் சரியில்லை. அது மற்றவர்களுடையதும்தானே.

இன்னொன்றும் உறுத்துகிறது. இங்கே விச் என்பது சட்டையில் அச்சடித்துப் போடும் சொல்லாகிவிட்டது. ஜார்க்கண்டில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி, அவர்கள் மொழியில் 'டாயன்', என்று பட்டம் கட்டினால் அடுத்து நடப்பது அடியும் கொலையும். அதைத் தடுக்க 2001இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதனால் நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது "நானும் சூனியக்காரி" என்று வேடிக்கையாகப் போடும்போது என்னால் விருப்பக்குறி போட முடியவில்லை. பழைய ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

சரி, மற்றவர்களைக் கேட்கும் நான் என் பங்குக்குச் சொல்ல வேண்டாமா? நான் விக்கா இல்லை, ஆகப்போவதும் இல்லை. ஆனால் அன்று அந்தக் குசினியில் இருந்து வந்த பிறகு, அக்டோபர் கடைசி இரவில் அம்மாயிக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணி வைக்கிறேன். சீனி போடாமல், பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டியோடு. அம்மாயி கருப்பட்டியைக் கடித்துக் கடித்துத்தான் குடிப்பார். செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம், ஆகவே அது கறுப்பு மை. நாள் மட்டும் சிநேகிதியிடம் வாங்கியது, அதுவும் கறுப்பு. ஜன்னலோரமாக வைப்பது சிவப்பு, ஏனென்றால் என் ஃபிளாட்டில் வேறு இடம் இல்லை. அம்மாயி வந்தார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். காலையில் கோப்பையைக் கழுவும்போது கொஞ்சம் அழுகை வந்தது.

போன வருடம் அந்த இரவு எங்கள் இருவருக்கும் டியூட்டி விழுந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் நெருப்புப் பற்ற வைக்க விடமாட்டார்கள். அவள் பையிலிருந்து பேட்டரியில் எரியும் ஒரு பிளாஸ்டிக் மெழுகுதிரியை எடுத்து, தாதிகள் அறையில் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றினேன், ஒன்று பாலோடு, ஒன்று சாயம். மூன்று மணிக்கு 6ஆம் அறைப் பாட்டி மணி அடித்தார், ஓடினோம். திரும்பி வந்தபோது திரி மங்கிப்போயிருந்தது. மறுநாள் கொப்பியில் சிவப்பு மையில் எழுதியிருந்ததைக் காட்டினாள்: "பிளாஸ்டிக் மெழுகுதிரி. அம்மா கோபிக்கமாட்டாள். புது பேட்டரி வாங்க வேண்டும்."