வில்பரி சகோதரர்கள் பற்றி ஒரு மறுப்பு

டிராவலிங் வில்பரிஸ் என்ற ராக் இசைக் குழுவை, புகழ்பெற்றவர்கள் பொழுதுபோக்காகச் செய்த முயற்சி என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து செல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. 1988-இல் முன்னாள் பீட்டில்ஸ் இசைக்கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன், தமது இசைத்தட்டு ஒன்றின் மறுபக்கத்துக்குப் பாடல் தேவைப்பட்டபோது, ஜெஃப் லின், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி ஆகியோருடன் மாலிபுவில் பாப் டிலனின் வீட்டில் கூடிப் பதிவு செய்த 'ஹேண்டில் வித் கேர்', மறுபக்கத்தில் முடங்கிவிடக் கூடாத அளவுக்குச் சிறப்பாக அமைந்ததால்தான் முழுப் பாடல் தொகுப்பே பிறந்தது. ஹாரிசன் தொடங்கும் அப்பாடலில் ஆர்பிசனின் குரல் மேலெழும் இடத்தைக் கேட்டவர் எவரும் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லத் துணியார். டிலனும் சேர்ந்த ஐவரும் சொந்தப் பெயர்களை விடுத்து, வில்பரி என்ற ஒரே குடும்பப் பெயரில் சகோதரர்களாகத் தோன்றியதால், யார் பெயர் முன்னால் வருவது என்ற போட்டிக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. தொகுப்பு வெளிவந்து இரண்டு மாதங்களுக்குள், 1988 டிசம்பரில், ஆர்பிசன் தமது 52-ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். எஞ்சிய நால்வரும் வேறொருவரைச் சேர்க்காமலேயே 1990-இல் அடுத்த தொகுப்பை வெளியிட்டனர். அதில் அந்த உச்சக்குரல் இல்லாத குறை பாட்டுக்குப் பாட்டு தெரிகிறது. ஆயினும் அவருக்கு மாற்று தேடாத முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.