தெர்மாமீட்டர் எங்கே?

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம். "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னது காலை பத்து மணிக்கு. கை ஊசியைக் கழற்றி, சொந்தப் புடவைக்கு மாறி, பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பில் வந்தது இரவு ஏழரைக்கு. பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் கேஷ்லெஸ் பாலிசிதான். ஆனாலும் கையிலிருந்து கட்டச் சொன்ன தொகை 53,400 ரூபாய்.

"எலிஜிபிலிட்டிக்கு மேல ரூம் எடுத்திருக்கீங்க சார்" என்றார் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண்.

பாலிசி 3 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. சேர்த்த அன்று 4,500 ரூபாய் அறைதான் காலி என்றார்கள். நாலு நாளைக்கு 6,000 தானே கூடுதல், போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வாடகையில் மூன்றில் இரண்டு பங்குதான் நமக்குத் தகுதி என்றால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர், மயக்க மருந்து நிபுணர் எல்லாவற்றிலும் அதே பங்குதான் தருவார்களாம். 90,000-க்கு 60,000 வந்தது. மீதி என் தலையில். அதே டாக்டர், அதே கத்தி, அறை மட்டும்தான் வேறு!

நீ கேட்டிருக்க வேண்டாமா என்கிறார் மச்சான். வீல்சேரில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கும்போது எவன் பாலிசியை விரித்துப் படிப்பான்? பாலிசி கார்டு அவர்கள் கையில், கணக்குப் போடக் கம்ப்யூட்டர் அவர்கள் மேஜையில். இந்த அறை எடுத்தால் உத்தேசமாக இவ்வளவு உங்கள் கையிலிருந்து போகும் என்று ஒரு தாள் அச்சடித்துத் தர எவ்வளவு நேரம் ஆகும்? தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் கட்டணத்தை முன்கூட்டியே அறியும் உரிமை இருக்கிறது. மருந்தை வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் இருக்கிறது. நான் போன எந்த ஆஸ்பத்திரிச் சுவரிலும் அதைப் பார்த்ததில்லை. பிள்ளையார் படம்தான் இருக்கிறது.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பில்லை வரிவரியாகப் பார்த்தேன். 27,000 ரூபாய் மருந்து பில்லிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருந்தார்கள். மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனை, ஐசியூ வாடகை இவற்றில் அந்த விகித வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அதைக் காட்டி மெயில் போட்டேன். மூன்று வாரத்தில் 9,000 திரும்பி வந்தது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ கம்பெனிக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டுக் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும், அவர்கள் தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று 2024-ல் வந்த விதி எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் மதியமே டெஸ்க்கில் போய் நின்றிருப்பேன்.

அந்த 53,400-ல் மீதி 8,400, பாலிசியில் வராத சில்லறைச் சாமான்கள். அதில் ஒரு தெர்மாமீட்டர், 250 ரூபாய். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசு நாமதானேடா கொடுத்தோம்? அப்போ அது நம்மதுதானே, எங்கே?"

நாளைக்கு மறுபடி டாக்டரிடம் காட்டப் போகிறோம். கேட்டு வாங்காமல் வரமாட்டாராம்.