இரண்டு சூரியன் இருந்தால் கோள் இருக்காதா?

"இரட்டை நட்சத்திரங்களுக்குக் கோள்களே இருக்க முடியாது, ஈர்ப்பு இழுபறியில் வெளியே வீசப்பட்டுவிடும்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

கெப்ளர்-16பி கோள் 2011இல் அறிவிக்கப்பட்டது. அங்கே இரண்டு நட்சத்திரங்கள் 41 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஏறக்குறைய சனி அளவுள்ள அந்தக் கோள், இரண்டையும் சேர்த்தே 229 நாளில் சுற்றிவருகிறது. இழுபறி என்பது முழுப் பொய்யும் இல்லை, ரொம்ப நெருங்கினால் பாதை குலைந்துவிடும்தான். ஆனால் இந்தக் கோள், நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு தள்ளி ஓடுகிறது. அங்கிருந்து இரண்டின் ஈர்ப்பும் கிட்டத்தட்ட ஒரே ஈர்ப்புபோல இழுக்கிறது.

அப்புறம், சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியே மூன்று நட்சத்திரக் குடும்பத்தில் ஒன்று. அதற்கும் 2016இல் ஒரு கோள் கண்டுபிடித்தாயிற்று.