நாக்கைச் சுட்டுவிட்டு நயம் பேசும் கடைகள்

பால் சேர்க்காத காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பதுதான் நல்ல கடைக்கு அடையாளம் என்று இந்த ஊரில் யார் முடிவு செய்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. “சூடா இருக்கணும் சார், இல்லேன்னா அது காப்பியே இல்ல” என்று கல்லாவில் இருப்பவர் பெருமையாகச் சொல்கிறார். அவர் சொல்லும் சூட்டில், கோப்பையில் இருப்பது சிக்மகளூர் அரபிக்காவா, பாத்திரம் கழுவிய தண்ணீரா என்று எந்த நாக்காலும் சொல்ல முடியாது.

பால் காப்பியின் விஷயம் வேறு. டிகாக்‌ஷனும் பாலும் கலந்து, டபராவுக்கும் டம்ளருக்கும் நாலு தடவை போய்வந்து, நுரை கட்டி நம் கைக்கு வரும்போது அது பெரும்பாலும் குடிக்கத்தக்க பதத்துக்கு வந்திருக்கும். வராவிட்டாலும் டபரா நம்மிடம் இருக்கிறது, ஆற்றிக்கொள்ளலாம். அதே உணவகத்தில் ‘பிளாக் காபி’ என்று கேட்டுப் பாருங்கள், டபரா மாயமாகிவிடும். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் டிகாக்‌ஷனை விட்டு, பாய்லர் குழாயைத் திறந்து விளிம்பு வரை கொதிநீரை நிரப்பி, விரல் வைக்க இடமில்லாத அந்த டம்ளரை மேசையில் ‘டங்’கென்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாலில் உள்ள புரதம் காப்பியின் துவர்ப்பைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். கடுங்காப்பிக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. போதாக்குறைக்கு, சட்டமே 49 சதவீதம் வரை சிக்கரி கலக்க அனுமதிக்கும் நாட்டில், பாலுக்கென்றே கலந்த தூளை வெந்நீரில் நீர்க்க விட்டுத் தருகிறார்கள்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், விலை குறைவு, அந்தக் கடைக்காரர் நம்மிடம் எந்த நயமும் பேசவில்லை. என் வயிற்றெரிச்சல் முழுவதும் ஒரு கோப்பைக்கு முந்நூறு ரூபாய் வாங்கும் புதுமாதிரிக் காப்பிக் கடைகளின்மேல்தான். தோட்டம், கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம், கொட்டையைப் பதப்படுத்திய விதம் எல்லாவற்றையும் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து, அடியில் அதில் தெரியும் சுவைகள் என்று ‘ஆரஞ்சுத் தோல், வெல்லம், உலர்ந்த அத்தி’ போட்டுக் காப்பியோடு வைக்கிறார்கள். படித்துவிட்டு ஆசையாய் ஒரு வாய் வைத்தால் வெல்லமும் இல்லை, அத்தியும் இல்லை. நாக்கு நுனி வெந்து தடித்துப்போனதுதான் மிச்சம்; அன்றைய மதியச் சாப்பாட்டின் ருசியும் சேர்ந்து போயிற்று.

அந்த அட்டையை எழுதியவர் இந்தச் சூட்டில் குடித்துப் பார்த்து அதை எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது. அமெரிக்கச் சிறப்புக் காப்பிச் சங்கம் வகுத்து, பல ஆண்டுகளாக உலகமெங்கும் புழங்கிய சுவைத்தேர்வு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸ் வெந்நீரைத் தூளின்மேல் ஊற்றுவார்கள். ஆனால் ஏறத்தாழ 71 டிகிரிக்கு இறங்கும் வரை யாரும் கரண்டியை வாயில் வைப்பதில்லை. 71 டிகிரியிலிருந்து 60 வரை இறங்கும்போது புளிப்பையும் வாயில் உணரும் கனத்தையும் பார்க்கிறார்கள். இனிப்புக்கும் துப்புரவான சுவைக்கும் மதிப்பெண் போடுவது, கோப்பை ஏறத்தாழ நம் உடம்பின் வெப்பத்துக்கு வந்த பிறகுதான். 21 டிகிரியோடு தேர்வை நிறுத்திக்கொள்கிறார்கள். ஆக, வெதுவெதுப்பான காப்பியில் தாம் கண்ட வெல்லத்தை அட்டையில் எழுதிவிட்டு, 80 டிகிரிக்கு மேல் கொதிக்கும் காகிதக் கோப்பையில் அதை நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் என்ன என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் என் சொந்த விருப்பம் மட்டும் அல்ல. ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேல் சூட்டை வலியாக உணர்த்தும் நரம்பு முனைகள் நம் வாயில் இருக்கின்றன. அவை கூச்சல் போடும்போது மெல்லிய இனிப்பும் பழப்புளிப்பும் எடுபடாது. இனிப்பை மூளைக்குச் சொல்வதில் பங்குகொள்ளும் ஒரு புரதம் 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகப்போகக் கூடுதலாக வேலை செய்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் 2005-இல் காட்டினார்கள். அதனால் ஒரேயடியாகச் சில்லிட்டுப் போனாலும் நட்டம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூட்டில் மணம் நன்றாக எழும்பும் என்பதும் மெய்தான். ஆனால் மணத்தை எழுப்பிய கையோடு அதன்மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அழுத்தி, ஊசித்துளை ஒன்றை மட்டும் விட்டுத் தருபவர்கள் மணத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நாக்கு சுடாமலும் விருப்பம் கெடாமலும் இருக்க ஏறத்தாழ 58 டிகிரி பொருத்தம் என்று 2008-இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அறிவித்ததை வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைக்காரர்கள் சூட்டை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாப் புடவையும் பளிச்சென்றுதான் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார்கள். காப்பிக்கு அந்த வாசல் வெளிச்சம் 40 டிகிரி. கருகிய வறுவல், மாதக்கணக்கில் திறந்து கிடந்த தூள், காலையில் இறக்கிய டிகாக்‌ஷன் எல்லாம் அங்கே வந்ததும் பல்லிளித்துவிடும். நல்ல கொட்டையோ ஆற ஆறத் திறக்கும். முதலில் வெறும் கசப்பாக இருந்தது, கால் மணி நேரத்தில் நார்த்தங்காயின் வாடையும் கரும்பின் மெல்லிய இனிப்புமாக மாறும். “ஆறினா புளிக்குதே” என்று முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆவி பறக்கவில்லை என்று காப்பியைத் திருப்பி அனுப்புவது இவர்கள்தான்.

அப்படிக் காத்திருந்து காப்பி பதத்துக்கு வரும் நேரம் பார்த்து, பணியாளர் வந்து நிற்பார். “ஆறிப்போச்சே சார், சூடு பண்ணித் தரட்டுமா?” வேண்டாம் என்று சொல்வதற்குள் கோப்பை மைக்ரோவேவுக்குள் போய்விடும். திரும்பி வருவது வேறொரு பானம். காப்பியைத் திரும்பச் சூடாக்கினாலும், தொடர்ந்து சூட்டிலேயே வைத்திருந்தாலும், வறுவலில் உண்டான லாக்டோன்கள் என்னும் சேர்மங்கள் உடைந்து அமிலங்களாக மாறுகின்றன. போன மணமும் திரும்பி வருவதில்லை. அவர் அன்பால்தான் செய்கிறார், அவரைத் திட்ட மனம் வரவில்லை. திட்ட வேண்டியது, வடிக்கும் நீரின் வெப்பத்தை அரை டிகிரி பிசகாமல் பார்க்கும் பயிற்சியை அவருக்குக் கொடுத்துவிட்டு, குடிப்பவன் வாய்க்குப் போகும் வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காத முதலாளியைத்தான்.

ஆகவே முந்நூறு ரூபாய் வாங்கும் பெருமக்களே, வடித்த காப்பியை வாயகன்ற பீங்கான் கோப்பையில் மூடியில்லாமல் ஊற்றுங்கள். 60 டிகிரிக்கு இறங்கிய பிறகு மேசைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு ஆகும் சில நிமிடங்களுக்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அட்டையில் உயரத்தை அச்சடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எந்தச் சூட்டில் வெல்லம் தெரியும் என்பதையும் அச்சடியுங்கள். நான் பில்லுக்குக் கை காட்டும் வரை அந்தக் கோப்பையை யாரும் தொடக் கூடாது என்றும் உங்கள் பணியாளர்களிடம் சொல்லி வையுங்கள்.